மின்சாரம் பாடிய கதை

கலியாண வீட்டுக் கச்சேரியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடையோரம் ஒருவர் கீபோர்டின் முன் நிற்பார். அந்த ஒன்றிலிருந்தே வயலின் வரும், புல்லாங்குழல் வரும், தவில்கூட வரும். அதற்கு மூதாதை சிந்தசைசர் என்னும் கருவி. அதற்குள் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. மின்சாரம் மட்டுமே!

இதற்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ராபர்ட் மோக். தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற ரஷ்யக் கருவியை இளம் வயதிலேயே செய்து பழகியவர். 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் கலந்து பேசித் தம் முதல் சிந்தசைசரை உருவாக்கினார்.

மின்னோட்டத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரச் செய்தால் ஒலிபெருக்கியில் ஒரு சுரம் கேட்கும். மோக்கின் கருவியில் ஒரு வோல்ட் கூட்டினால் அந்தச் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அப்படிப் பிறக்கும் ஒலி கரடுமுரடாகத்தான் இருக்கும். நாம் மாவு சலிப்பதுபோல அதைச் சலித்து, வேண்டாத அதிர்வுகளை நீக்கினால் குழலோசையும் கிடைக்கும், எக்காள ஓசையும் கிடைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான். முன்புறமெல்லாம் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போலக் கம்பிகள் தொங்கும். வெண்டி கார்லோஸ் இதை வைத்துக்கொண்டு ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை இழை இழையாக வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, 1968இல் இசைத்தட்டாக வெளியிட்டார். என்ன பொறுமை பாருங்கள்!

கருவி பெருகப் பெருக, வாத்தியக்காரர்களுக்குக் கவலை பிடித்தது. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் தாள இயந்திரத்தையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. பத்து வயலின்காரர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்றால், மற்ற ஒன்பது பேர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? இயந்திரம் வந்தால் ஆள்குறைப்பும் வரும் என்று அறிந்த நாம் அந்தக் கோபத்தைக் கேலி செய்ய முடியாது. நாடு தழுவிய தடை மட்டும் வரவில்லை.

மறு ஆண்டே ஜப்பானின் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 கருவியை இறக்கியது. ஒரே நேரத்தில் 16 சுரம். அமெரிக்காவில் விலை 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. ஒரு நிறுவனத்தின் கட்டையை அழுத்தினால் இன்னொரு நிறுவனத்தின் கருவி ஒலிக்கும் 'மிடி' முறையும் 1983இல்தான் வந்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காக்கேஹாஷியும். போட்டி வியாபாரிகளான இருவரும் அந்த முறையை எல்லா நிறுவனங்களுக்கும் இலவசமாகவே விட்டுக்கொடுத்தார்கள்.