மரத்தில் இறகு

மின்சாரத்தாற் சுழலும் கருவியைக் கொண்டு மரத்திற் சித்திரவேலை செய்வது கைத்தொழிலாகுமா, அன்றி வெறும் யந்திர வேலையா என்று ஐயுறுவோர் பலர். உளியும் கொட்டாப்புளியும் பிடித்துப் பழகியவர்க்கு இவ்வையம் எழுவது இயல்பே. இதற்கு விடை காண, அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில் வளர்ந்த மரப்பறவைக் கலையை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

செஸபீக் விரிகுடாவின் வேட்டைக்காரர், வாத்துக்களை மயக்கி நீரில் இறங்கச் செய்தற்பொருட்டு, மரத்தாற் பொய்வாத்துக்கள் செய்து மிதக்கவிட்டனர். வானிற் பறக்கும் வாத்துக்கு உருவமும் நிறமும் புலப்பட்டாற் போதும். ஆதலால் அவற்றின் மேனி வழுவழுப்பாகவே இருந்தது. கிரிஸ்பீல்டு என்னும் ஊரில் முடிதிருத்துந் தொழில் செய்துவந்த லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்னும் சகோதரர் இருவர் இவ்வேலையைக் கலையாக உயர்த்தினர். அவர்கள் பெயர் தாங்கிய உலகப் போட்டி 1971-ஆம் ஆண்டில் தொடங்கியது. வாத்தை ஏமாற்றுவதினும் மனிதரை வியப்பிப்பது கடினமன்றோ! இறகின் ஒவ்வோர் இழையும் மரத்தில் தோன்றவேண்டியதாயிற்று.

உளியால் இவ்விழைகளைப் பொறிப்பதிற் பெருந் தொல்லையுண்டு. உளி மரத்தின் நாரோட்டத்துக்கு அடங்கியே செல்லும். எதிர்த்துச் சென்றாற் சிம்பு பெயர்ந்துவிடும். இறகிழைகளோ நடுத்தண்டினின்று இருபுறமும் வளைந்து, நாரைக் குறுக்கிட்டுச் செல்வன. சுழலும் கருவிக்கு இத்தடை மிகக் குறைவு. முதலில் இறகுகளின் எல்லையைப் பென்சிலால் வரைவர். பின்பு உருண்டைமுனைப் பிட்டினால் ஓர் இறகு மற்றொன்றின்மேற் படிந்ததுபோல் மேடு பள்ளமாக்கி, உப்புத்தாளால் தேய்ப்பர். அதன் பின்னரே சிறு சாணைக்கல் முனையால் இழைகளைக் கீறுவர். வாலிலிருந்து தலைநோக்கிச் செல்வதே முறை. அப்போதுதான் முன்னிறகின் நுனி பின்னிறகின் அடியை மூடியதாகத் தோன்றும். இழைகள் சிறிதே வளைந்து, இடையிடையே பிளவுபட்டிருத்தல் வேண்டும். ஒரே இடைவெளியில் நேராகக் கீறினால் இறகு தோன்றாது, சீப்புத் தோன்றும். வர்ணத்தையும் நீர்போற் கரைத்துப் பன்முறை பூசுவர். தடித்த வர்ணம் கீறல்களையெல்லாம் அடைத்துவிடும்.

எம்மரமும் இதற்கு உதவாது. லூசியானாச் சதுப்புநிலத்து டூபலோ மரத்தைப் பலர் விரும்புவர். கீறிய இடத்தில் அது பஞ்சுபோற் சிலும்புவதில்லை.

இனி வேகத்தைப் பற்றிச் சிறிது கணக்கிடுவோம். நிமிஷத்துக்கு 30,000 முறை சுழலும் 3 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு, நிமிஷத்தில் ஏறக்குறைய 283 மீட்டர் ஓடுகிறது. 12 மில்லிமீட்டர் பிட்டோ அதே சுழற்சியில் 1,131 மீட்டர் ஓடும். ஆகவே பெரிய பிட்டைக் குறைந்த வேகத்திற் சுழற்றாவிடில் மரம் கருகும். பிட்டும் உடைந்து தெறிக்கலாம். கருவியை நகர்த்துந் திசையும் கவனத்துக்குரியது. பிட்டின் சுழற்சி கருவியை இழுக்குந் திசைக்கு எதிராகச் செலுத்தினாற் கைக்கு அடங்கும். தவறினால் வண்டிச் சக்கரம்போல் உருண்டோடி, மூன்று நாள் வேலையை ஒரே கோட்டில் அழித்துவிடும்.

முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. ஆங்கில நாட்டுத் தொழிலறிஞர் டேவிட் பை, 1968-இல் வெளியிட்ட நூலில், கையா யந்திரமா என்று பார்ப்பதினும், வேலை முடியுமளவும் அது கெட்டுப்போகக்கூடிய அபாயத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே தகும் என்று விளக்கினார். அச்சிற் வார்த்தது போல முடிவு முன்னரே உறுதியான வேலை ஒருவகை. கண்ணும் கையும் கணந்தோறும் காக்கவேண்டியது மற்றொருவகை. மின்கருவியால் இறகு செதுக்குவோன் பின்னவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. உளி பிடித்தவனுக்குத் தயங்க நேரமுண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

மரத்துக்கன்றிச் செதுக்குவோனுக்கே நேரும் அபாயமும் ஒன்றுண்டு. உளி சீவலைத் தரும். இக்கருவியோ கண்ணுக்குப் புலப்படாத நுண்டூளை எழுப்பும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் மரத்தூளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுட் சேர்த்தது. மூக்கின் உட்புறத்தையே அது பெரிதும் தாக்குகிறது. வாயிற் கைக்குட்டை கட்டிக்கொள்வதாற் பயனில்லை. தூளை உறிஞ்சும் விசிறியைப் பக்கத்தில் வைத்து, நுண்டூளைத் தடுக்குந் தக்க முகமூடியும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் சுழலுந் தண்டிற் சுற்றிக்கொள்ளுமாதலால், அவற்றைக் களைந்த பின்னரே விசையைத் தட்டவேண்டும்.