மாய மந்திரமும் அதன் விலையும்



டச்சுக்காரர் 1613-இல் எழுப்பிய கோட்டை இன்று இடிபாடாய்க் கிடக்கும் பழவேற்காட்டுக்கு அருகே, ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் இருக்கிறது. அங்கே ஒரு மாலை, சிறுவர்களுக்கு நானே புனைந்த மாயக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அரக்கன் இளவரசியைத் தூக்கிச் செல்கிறான், கதாநாயகனுக்குத் திடீரென்று ஒரு மந்திரம் நினைவுக்கு வருகிறது, அரக்கன் சாம்பலாகிறான். அருகில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

"ஏன் ஐயா, இம்மாம் பெரிய மந்திரம் தெரிஞ்சவன், அம்மா சாவுறப்போ ஏன் அதைச் சொல்லலே?"

கதையின் தொடக்கத்தில் தாயைச் சாகடித்தவன் நானே. விடை சொல்ல இயலவில்லை.

மந்திரம் பொய் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பறக்கும் அரக்கனை அவர் ஏற்றுக்கொண்டார், முறைகேட்டைத்தான் ஏற்கவில்லை. அவ்வூரில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துக் கொள்வார்கள். மீன் மிகுந்திருக்கிறது என்பதற்காக ஒருவர் முறையில் மற்றொருவர் நுழைய முடியாது. அத்தகைய ஊரில் என் மந்திரம் முறை தவறி நுழைந்துவிட்டது!

1951-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த 'பாதாள பைரவி'யை எண்ணிப் பாருங்கள். கே. வி. ரெட்டி இயக்கிய படம். தேவியின் அருளைப் பெற வீர இளைஞன் ஒருவனைப் பலியிட வேண்டும் என்பது அதில் விதி. எஸ். வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதி அதற்காகவே தோட்டக்காரன் மகனை அழைத்துச் செல்கிறான். சூழ்ச்சியை அறிந்த இளைஞனோ மந்திரவாதியையே பலியிட்டுவிடுகிறான். வரம் தரும் சிலை அவன் கைக்கு வருகிறது. ஆனால் அச்சிலை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணியும். ஆகவே, உயிர்பெற்று எழுந்த மந்திரவாதியிடம் அது போய்ச் சேர்ந்ததும், கதாநாயகன் பழைய ஏழையாகிவிடுகிறான். காட்சி ஜாலங்கள் எத்தனையோ அப்படத்தில் உண்டு. எனினும் நம்மை இருக்கையில் பிடித்து வைப்பது அந்த ஒரு விதிதான் என்பது என் எண்ணம்.

வேதாளக் கதையில் விதி இன்னும் கடுமையானது. விடை தெரிந்தும் பேசாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை வெடிக்கும். பேசினாலோ வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். 1947-இல் தோன்றிய 'அம்புலிமாமா' இந்த முடிச்சை வைத்தே மூலத்தில் இல்லாத புதுக்கதைகளைப் பல்லாண்டுகள் வெளியிட்டது. 1985-இல் தூர்தர்ஷனில் இந்தித் தொடராகவும் அது வந்தது. வாரந்தோறும் வளரும் தொடருக்கு இதைவிட நல்ல பொறி கிடைப்பது அரிது.

மறுமுறை கோட்டைக்குப்பம் சென்றபோது கதையைத் திருத்தியிருந்தேன். யாரைக் காக்க மந்திரம் சொல்கிறானோ, அவரைச் சொன்னவன் அடியோடு மறந்துவிடுவான். தாயின் மரணப் படுக்கையில் அவன் அதைச் சொல்ல வாய் திறந்தான். தன்னை மறந்த மகன் தனக்கு வேண்டாமென்று தாயே அவன் வாயைப் பொத்திவிட்டாள்.

பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி மட்டும் வலையில் அப்படியே நின்றது. "இளவரசிக்காகச் சொன்னானா?" என்று கேட்டது ஒரு சிறுமி.