கைக்குழந்தை முந்தியா, கிழவர் முந்தியா?

கேமரன் மலையில் மாலை ஆறு மணிக்கே குளிர் இறங்கிவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்! கதவைச் சாத்திவிட்டு, சூடாகத் தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியின் முன்னே உட்கார்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. கொழுந்துக் காட்டில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாருமே மிகுதி. லயத்தில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இதுவும் ஒன்று. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டிக்கும், நான்காம் படிவத்தில் படிக்கும் பேத்திக்கும் பொதுவாக ஒரே பைத்தியம்தான்: கொரிய நாட்டு ராஜா ராணித் தொடர்கள். திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளைப் பாட்டியால் படிக்க முடியாது. பேத்தி படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவாள்.

முதலில் இருவரும் 'யீ சான்' என்ற தொடரைப் பார்த்து முடித்தார்கள். பிறகு 'டோங் யி'. அரண்மனையில் எடுபிடி வேலை செய்த டோங் யி என்ற பெண், அரசரின் மனத்தில் இடம்பிடித்து ஓர் ஆண் குழந்தையும் பெறுகிறாள். குழந்தைக்குக் கும் என்று பெயர். பாட்டிக்கு அந்தக் குழந்தையைக் கண்டதும் ஏக மகிழ்ச்சி. அப்போதுதான் பேத்தி போட்டு உடைத்தாள்.

"பாட்டி, இந்தப் பாப்பா யாரு தெரியுமா? யீ சானுக்குத் தாத்தா ஒருத்தர் வந்தாரே, கெழட்டு ராஜா, அவருதான்."

"யாரு? பெத்த மகனை அரிசிப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டினானே, அவனா?"

"அவரேதான்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடப்பாவி, இந்தப் பச்ச மண்ணா?" என்று மட்டும் கேட்டாராம்.

பேத்தி சொன்னது சரிதான். 1694-இல் பிறந்த அந்தக் குழந்தைதான் 1724 முதல் 1776 வரை ஆண்ட யோங்ஜோ மன்னர். 1762-இல் தம் மகன் சாடோவை அரிசிப் பெட்டியில் அடைக்கச் செய்தவரும் அவரே. எட்டாம் நாள் இளவரசர் இறந்தார். அந்தச் சாடோவின் மகன்தான் யீ சான். ஆனால் 'யீ சான்' ஒளிபரப்பானது 2007, 2008-இல். 'டோங் யி' வந்தது 2010-இல். கிழவர் முதலில் வந்துவிட்டார், கைக்குழந்தை பின்னால் வந்தது! இந்தக் குழப்பம் பாட்டிக்கு மட்டுமா? கொரியத் தொடர் பார்க்கும் வீடுகளில் பாதிப்பேருக்கு இதே கதைதான்.

அன்றிரவே பேத்தி வேலையைத் தொடங்கினாள். எந்தத் தொடர் எந்த வருடம் ஒளிபரப்பானது என்பதை விட்டுவிட்டு, எந்தக் கதை எந்த வருடம் நடந்தது என்ற கணக்கில் எல்லாவற்றையும் வரிசையாக்கிவிடுவது என்று முடிவு. அவள் செய்த வழியைச் சொல்கிறேன். வேண்டுமானால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

அரசர்களை முதலில் எழுதுங்கள்

மளிகைக் கடையில் கொடுக்கும் பழைய நாள்காட்டிகளின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு நீளத்தாள் செய்துகொண்டாள். கி.மு. 37-இல் கோகுரியோ நாடு தோன்றியதாகச் சொல்வது முதல், 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது வரை ஒரு கோடு. ஓர் அங்குலத்துக்கு ஐம்பது வருடம் என்றால் மூன்றடிக்குச் சற்றே கூடுதலாக வரும். இங்கேதான் முதல் தவறு. தொடர்களில் பெரும்பாலானவை ஜோசோன் வம்சத்துக் கதைகள். அது 1392 முதல் 1910 வரை 518 வருடம். மூன்றடித் தாளில் அதற்குக் கிடைப்பது பத்து அங்குலம்! பழைய காலம் வெறிச்சோடிக் கிடக்க, கடைசிப் பத்து அங்குலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள் ராஜாக்கள். ஜோசோனுக்குத் தனித்தாள் வேண்டும் என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு நாள்காட்டி வீண்.

இரண்டாவது சங்கடம் பெயர். செஜோங், யோங்ஜோ என்பவையெல்லாம் மன்னர் இறந்தபின் குலக்கோயிலில் வைத்து வணங்குவதற்காகச் சூட்டிய பெயர்கள். உயிரோடு இருக்கும்போது அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தொடரில் 'இளவரசர் கும்' என்றும் 'யீ சான்' என்றும் கேட்டுவிட்டு, புத்தகத்தில் யோங்ஜோ, ஜோங்ஜோ என்று படித்தால் இருவரும் வேறு ஆள் என்றுதான் தோன்றும். ஆகவே முதலில் அரசர் பட்டியல், பக்கத்திலே பிறந்த பெயர், அதன்பிறகுதான் தொடரின் பெயர். இந்த ஒழுங்கு தப்பினால் எல்லாம் தப்பும்.

மூன்றாவது, வருடக் கணக்கு. அந்தக் காலத்துக் கொரியர்கள் கி.பி. என்றா எழுதினார்கள்? இன்ன மன்னரின் இத்தனையாம் ஆண்டு என்பார்கள். நம் சோழர் கல்வெட்டும் அப்படித்தானே! தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில் நிறைவு கண்டது என்பதைத்தான் நாம் 1010 என்று மாற்றிச் சொல்கிறோம். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பிரபவ, விபவ என்று நமக்கு அறுபது வருடச் சுற்று இருப்பதுபோல அவர்களுக்கும் அறுபது வருடச் சுற்று இருக்கிறது. 1592-இல் ஜப்பானியர் படையெடுத்ததை அவர்கள் 'இம்ஜின் போர்' என்கிறார்கள். இம்ஜின் என்பது அந்த வருடத்தின் பெயர். 1876-இல் தொடங்கிய பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்களே, அதே கணக்கு. பாட்டிக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. பேத்திக்குத்தான் தாது வருஷம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது!

மையும் பென்சிலும்

ஏடுகளில் பதிவான செய்தி மையால், பழங்கதை பென்சிலால், காலமே இல்லாத கற்பனைக் கதை தாளின் ஓரத்தில். பேத்தி வகுத்துக்கொண்ட சட்டம் இது.

ஓரத்திலே இடம்பெற்றவை பல. 2012-இல் வந்து சக்கைப்போடு போட்ட 'சூரியனைத் தழுவிய நிலா' கதையில் வரும் மன்னர் எந்த ஏட்டிலும் இல்லை. இதில் வியப்பென்ன! 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆர். ஆண்ட நாடு எந்தப் படத்தில் இருக்கிறது? அதற்காக நாம் பார்க்காமல் விட்டோமா?

பென்சிலில் வந்தவற்றுள் நமக்கு நெருக்கமானது ஒன்று. 2010-இல் ஒளிபரப்பான 'கிம் சுரோ' தொடர், காயா நாட்டை நிறுவிய மன்னரின் கதை. கி.பி. 48-இல் ஆயுத்த என்ற தொலைதேசத்திலிருந்து ஓர் இளவரசி கப்பலேறி வந்து அவரை மணந்தார் என்கிறது 'சம்குக் யூசா' என்ற நூல். ஆயுத்த என்பது அயோத்தி என்று பலர் கொண்டாடுகிறார்கள். இல்லை, கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடுதான் என்று நம்மவரில் சிலர் வாதாடுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நூலை இல்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது 13-ஆம் நூற்றாண்டில். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருடம் கழித்து! ஆசைக்காக மையை எடுக்கக்கூடாது. பென்சிலிலேயே இருக்கட்டும்.

தாளில் நமக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் சுவை இரட்டிப்பாகிறது. 'ராணி சோந்தோக்' தொடரின் நாயகி சில்லா நாட்டை 632 முதல் 647 வரை ஆண்டவர். 642-இல் பேக்ஜே நாட்டார் அவருடைய எல்லைக் கோட்டையைப் பறித்தார்கள். அதே 642-இல்தான் நரசிம்மவர்ம பல்லவர் வாதாபியை வென்றார். 2023-இல் வந்த 'கொரியா - கித்தான் போர்' தொடர் 1010-இல் நடந்த படையெடுப்பிலே சூடு பிடிக்கிறது. தஞ்சையில் கோயில் எழும்பி நின்ற அதே வருடம் அங்கே தலைநகர் தீக்கு இரையாகும் வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. 1019-இல் காங் காம் சான் என்ற முதிய தளபதி குவிஜுவில் கித்தானியரை முறியடித்தார். ஆறு வருடம் கழித்து, 1025-இல், ராஜேந்திர சோழனின் கப்பல்கள் நம் கடாரத்துக்கு வந்தன. 'பொன்னியின் செல்வன்' படங்களின் கதை நடக்கும் காலமும், 'நிலாக் காதலர்' தொடரில் வரும் குவாங்ஜோங் மன்னரின் காலமும் ஒன்றே என்றால் நம்புவீர்களா? இரண்டும் 10-ஆம் நூற்றாண்டு.

உலகமெங்கும் புகழ்பெற்ற 'டே ஜங் கம்' 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் மன்னரின் காலத்துக் கதை. போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த 1511 அதற்குள் அடக்கம். 'யீ சான்' ஆண்ட 1776 முதல் 1800-க்குள் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டதும், பினாங்கில் ஆங்கிலேயர் கொடி ஏறியதும், கட்டபொம்மன் தூக்கிலேறியதும் வந்துவிடுகின்றன. 'மிஸ்டர் சன்ஷைன்' 1871-இல் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஓடுகிறது. அதன் நடுவிலேதான் 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தார்.

ஒரே காலத்துக்கு இரண்டு தொடர் வந்தால் பக்கத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். 'டோங் யி'யில் சூழ்ச்சிக்காரியாக வரும் ராணி ஜாங், 2013-இல் வந்த 'ஜாங் ஓக் ஜோங்' தொடரில் கதாநாயகி! குடும்பச் சண்டையில் இருதரப்பையும் கேட்டதுபோல் இருக்கும்.

குதிரையிலிருந்து விழுந்த மன்னர்

இவ்வளவு துல்லியமாக ஒரு சிறுமி லயத்து வீட்டில் உட்கார்ந்து வரிசைப்படுத்த முடிகிறது என்றால் அதற்குக் காரணம் 'சில்லோக்' என்ற பெரும் ஏடு. 1392 முதல் 1863 வரை 25 மன்னர்களின் 472 வருட ஆட்சியை நாள்வாரியாகச் சொல்லும் 1,893 பாகங்கள். 1997-இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அரசவையில் எழுத்தர்கள் எந்நேரமும் அமர்ந்து நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்வார்கள். மன்னர் இறந்த பிறகே குறிப்புகளைத் தொகுப்பார்கள். நூல் முடிந்ததும் குறிப்புத் தாள்களை ஓடையில் மை போகக் கழுவிவிடுவார்கள். யார் என்ன எழுதினார் என்று பிற்பாடு எவரும் பழிவாங்க முடியாது!

1404-இல் தேஜோங் மன்னர் மான் வேட்டையில் குதிரையோடு சரிந்து விழுந்தார். எழுந்ததும் அவர் சொன்னது, இது எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்பதே. அவர் விழுந்ததும் ஏட்டில் இருக்கிறது, தெரியக்கூடாது என்று சொன்னதும் ஏட்டில் இருக்கிறது. இந்தத் தேஜோங் யார்? 'ஆறு பறக்கும் நாகங்கள்' தொடரில் துடிப்பான இளைஞராக வரும் யீ பாங் வோன். 'ஆழ்ந்த வேருடைய மரம்' தொடரில் செஜோங்கின் கடுகடுத்த தந்தை. ஒரே எழுத்தாளர்கள்தான் இரண்டையும் எழுதினார்கள். மகனின் கதை 2011-இல், தந்தையின் கதை 2015-இல்! அதே தேஜோங்கை வைத்து 2021 மார்ச்சில் பேய்க்கதை ஒன்று எடுத்தார்கள். மன்னரைக் கொலைவெறியராகக் காட்டியதும், விருந்து மேசையில் சீனப் பலகாரம் வைத்ததும் மக்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டே அத்தியாயங்களோடு தொடர் நின்றது.

இந்த ஏடு பிழைத்ததும் ஒரு கதை. நான்கு படிகள் வைத்திருந்தார்கள். இம்ஜின் போரில் மூன்று எரிந்துபோயின. ஜோஞ்ஜு நகரில் இருந்த ஒன்றை மட்டும் அறிஞர் இருவர் மூட்டைகட்டி மலைக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் காத்தார்கள். அதன்பிறகு அரசுக்குப் புத்தி வந்தது. புதிய படிகளை மலைகளின்மேல் காப்பகம் கட்டி வைத்தார்கள். மலைதான் பத்திரம் என்று கண்டுகொண்டார்கள்.

அதற்காகத் தொடரெல்லாம் ஏட்டில் உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். ஜங் கம் என்ற வைத்தியப் பெண் மன்னருக்குப் பார்த்ததாக ஏட்டில் இருப்பவை சில வரிகளே. 54 அத்தியாயத்தில் பாதிவரை அவள் சமைத்த சமையலெல்லாம் கதாசிரியர் கைப்பக்குவம்.

தாள் ஒருவழியாக முடிந்து, சுவரில் ஏறியது. 1910-க்குப் பிறகு ஒரு சாண் இடம் மிச்சம். போ தேயிலை நிறுவனம் தொடங்கிய 1929-ஐ எழுதினாள். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய 1941-ஐ எழுதினாள். பிறகு பாட்டியிடம் பிறந்த வருடம் கேட்டாள். அடையாளக் கார்டில் 1940 என்று இருக்கிறது. யாரோ ஒரு கிராணி உத்தேசமாகப் போட்டது. பாட்டிக்குத் தெரிந்த கணக்கு வேறு: "எங்கப்பாவைச் சயாம் ரயில்பாதைக்குப் புடிச்சிட்டுப் போறப்ப நான் வயித்துல. அவரு திரும்பல."

ஜப்பானியர் நம்மவரைச் சயாம் காட்டுக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது 1943-இல். அந்தக் கணக்கில் பாட்டி பிறந்தது 1943 அல்லது அதற்கு அடுத்த வருடம். பேத்தி பென்சிலை எடுத்து எழுதினாள்.

"எனக்கு ஏம்மா பென்சிலு?"

"எழுத்துல இல்லியே பாட்டி. இருந்தாத்தான் மை."

பாட்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ராசா குதிரையிலேருந்து விழுந்ததையே எழுதி வச்சிருக்கானுங்க," என்றார். "எங்கப்பா பேரு தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்துல இருந்திருக்கும். அவரு பேரையாச்சும் மையில எழுது."

பேத்தி பேனாவை எடுத்தாள். பிறகுதான் கேட்டாள், கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன என்று.