மூன்றரைத் தேக்கரண்டி ரத்தம்

அரும்பாவூரில் சிற்பப் பட்டறை வாசல்களில் காலையில் மரச்சீவல் குவிந்து கிடக்கும். அதில் புழு பொறுக்க ஒரு குண்டுக்கரிச்சான் வந்து இறங்கும். வாலை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு முருங்கைக் கிளைக்குத் தாவி அது பாடத் தொடங்கினால், உளி பிடித்த கை ஒரு கணம் நின்றுதான் போகும்.

அதே குடும்பத்துப் பறவை ஒன்று மேற்கு மலைகளின் சோலைக்காட்டுத் தரையில் வாழ்கிறது. நீல உடம்பு, மெல்லிய குரல். சோலைக்கிளி என்று பெயர். மலையாளத்தில் கிளி என்றால் பறவை, நம் பச்சைக்கிளி அல்ல. நம்மூர்ப் பச்சைமலை 1,000 மீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. சோலைக்கிளிக்குப் பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே குளிரும் மூட்டமும் வேண்டும். அதனால் மலை உச்சிகளே அதற்குத் தீவுகள். நடுவில் உள்ள பள்ளத்தாக்குகள்தான் கடல்.

இந்தத் தீவுகளின் பறவைகளை வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணு வழியே எண்ணிப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த அவர்களது ஆய்வின் முதல் மூன்று எண்கள்: 9 இடங்கள், 23 இனங்கள், 356 பறவைகள். வகுத்தால் ஓர் இனத்துக்குப் பதினைந்தரை. சின்ன எண்ணாகத் தோன்றலாம். மூட்டத்தில் நனைந்த புதருக்குள் பதுங்கித் திரியும் பறவையைக் காயமின்றிப் பிடித்து, காயமின்றித் திருப்பி விடுவது எத்தனை நாள் வேலை என்று யோசித்தால் அந்தப் பதினைந்தரையின் கனம் தெரியும்.

பிடிக்கும் முறை இதுதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்வலை. சிக்கிய பறவையை விரல்களுக்கிடையே கழுத்தை நெரிக்காமல் எடுத்துத் துணிப்பையில் போட்டு எடை பார்க்கிறார்கள். காலில் வளையம். இறக்கையை விரித்தால் உள்பக்கத்தில் நீல நரம்பு தெரியும். அதில் ஊசிமுனை பட்டதும் துளிர்க்கும் சொட்டை நுண்குழாய் தானாக உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் நின்றதும் விட்டுவிடுகிறார்கள்.

உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 20 கிராம் பறவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று பத்து ரூபாய் நாணயத்தின் எடைகூட வராது. அதன் வரம்பு 0.2 மில்லி. மருத்துவமனை குளுக்கோஸ் கணக்கில் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நான்கு சொட்டு. தேவைப்படுவது ஒன்று. பறவையின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, நமக்கு இல்லை. அதனால் அந்த ஒரு சொட்டே டி.என்.ஏ.வுக்குத் தாராளம். பறவைக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் 356 பறவைக்கும் சேர்த்து 17.8 மில்லி. மூன்றரைத் தேக்கரண்டி.

அந்த மூன்றரைக் கரண்டிக்குள் இருந்த டி.என்.ஏ. எழுத்துக்கு அளவில்லை. பாடும் பறவைகளில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது வரிக்குருவிக்கு, 2010இல். சுமார் 120 கோடி எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று அச்சடித்தால் 6 லட்சம் பக்கம். 300 பக்கப் புத்தகம் 2,000. ஆனால் இனங்களின் உறவைத் தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதில்லை. தாய்வழி மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது ஏறக்குறைய 16,800 எழுத்து, அதாவது எட்டரைப் பக்கம். அதில் சில பக்கங்களும் முழுத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுத்த சில பத்திகளும் போதும்.

வாசித்தபோது, 23இல் 10 இனங்களில் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அதன் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற தூரம்தான். பேருந்தில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அந்தத் தூரத்தைப் பல லட்சம் ஆண்டுகளாகக் கடக்காமல் இருபுறமும் தனித்தனியாக வாழ்ந்திருக்கின்றன இந்தப் பறவைகள். பத்தில் சில, செங்கோட்டைக் கணவாய் போன்ற குறுகலான இடங்களிலும் பின்னாளில் பிரிந்தன. எஞ்சிய 13 இனங்களில் அந்தத் தழும்பு இல்லை.

2017இல் அடுத்த கணக்கு வந்தது. சாலிம் அலி காலத்துக் கையேட்டில் சோலைக்கிளி ஒரே இனம், அதே மலைகளின் இன்னொரு பறவையான சோலைச் சிரிப்பான் இரண்டு, மொத்தம் மூன்று. புதிய கணக்கில் சோலைக்கிளி மூன்று, சிரிப்பான் நான்கு, மொத்தம் ஏழு. பழைய பேரினங்களில் இரு கூட்டமும் பொருந்தவில்லை என்பதால் சோலிகோலா, மான்டெசின்க்லா என்று புதிய பேரினங்களே வைக்க வேண்டியிருந்தது. செங்கோட்டைக்குத் தெற்கே வாழும் அசம்பு சோலைக்கிளிக்குத் தனி இனமாகப் பெயர் கிடைத்ததும் அப்போதுதான்.

மூன்று ஏழானதைப் பலரும் லாபமாக எழுதினார்கள். எனக்கு அதைச் செலவுப் பக்கத்தில்தான் எழுதத் தோன்றுகிறது. ஒரு பறவைகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. மூன்று பெட்டியில் இருந்ததாக நினைத்த நெல் ஏழு கலயத்தில் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். நீலகிரியில் ஒரு சோலை அழிந்தால் பழனியில் இருக்கிறதே என்று இனி யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. பழனிப் பறவையைக் கொண்டுபோய் நீலகிரியில் விடவும் கூடாது. நீலகிரி சோலைக்கிளியும் வயநாட்டுப் பக்கத்துப் பாணாசுரச் சிரிப்பானும் உலக அருகிய இனப் பட்டியலில் இருக்கின்றன.

கலயம் சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. இனம்பெருக்கும் பறவைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். அத்தனையில் ஒரு பங்கு மரபு வேற்றுமை ஒவ்வொரு தலைமுறையிலும் கரையும். 500 பறவை இருந்தால் பத்துத் தலைமுறைக்குப் பிறகும் 99 விழுக்காடு மிஞ்சும். 50 என்றால் 90. பத்தே பத்து என்றால் 60. எண்ணிக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம்: 100 பறவையில் 10 ஆண், 90 பெண் என்றால் மரபணுக் கணக்கில் அது 36 பறவைக்குச் சமம்.

கடைசி விளிம்பைப் பார்த்தது நியூசிலாந்தின் சாத்தம் தீவுக்கூட்டம். அங்கே கறுப்பு ராபின் 1980இல் ஐந்து. இன்றுள்ள அத்தனையும் ஒரே ஜோடியின் வழிவந்தவை; அந்த ஒரு தலைமுறையிலேயே கால்பங்கு வேற்றுமை போய்விடும் கணக்கு. பிறகு நடந்ததுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் விளிம்பில் இட்டன. பரிதாபப்பட்டுக் காவலர்கள் அதை உள்ளே தள்ளிவைத்தார்கள். அந்தக் குணமும் குஞ்சுகளோடு பிழைத்துப் பரவியது. 1989க்குள் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் முட்டையிட்டன. தள்ளிவைப்பதை நிறுத்திய பிறகு, 2011க்குள் அது 9 விழுக்காட்டுக்கு இறங்கியது. அன்பாகச் செய்த காரியத்துக்கும் மரபணுவில் விலை ஏறுகிறது.

எழுத்தை வாசிக்கும் செலவு சரிந்துவிட்டது. ஒரு மனித மரபணுத் தொகுதிக்கு 2001இல் சுமார் 9.5 கோடி டாலர்; இன்று 1,000 டாலருக்கும் கீழே. பறவையின் தொகுதி நம்முடையதில் பாதிகூட இல்லை. நிலத்தின் கணக்கு வேறு. பழனிமலையில் நாற்பது ஆண்டில் சோலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும் போய்விட்டன என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த இடத்தில் சீகை, பைன், தைலமரம், விவசாயம். தைலமரக்காடு எப்படி இருக்கும் என்று பெரம்பலூர், அரியலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சருகு மிதிபடும் ஓசை தவிர உள்ளே எதுவும் கேட்காது.

ஒரே மலைக்குள்ளும் சமீபத்தில் மனிதர் வெட்டிய இடைவெளிகள் சோலைக்கிளிகளின் மரபணுவில் பதிந்திருப்பதை 2015இல் இன்னொரு ஆய்வு கண்டது. பாட்டு அவ்வளவு வேகமாக மாறவில்லை. பழைய கணவாய்களால் பிரிந்தவற்றின் பாட்டுதான் அதிகம் வேறுபடுகிறது. புதிதாகக் காடழிந்து பிரிந்தவை இன்னும் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுகின்றன. பக்கத்துச் சோலையின் பறவை பாடினால் இதற்குப் புரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படிப் பிரிந்த துண்டுகளுக்கு மரபணுக்காரர்கள் கேட்பது பெரிய தொகையும் அல்ல. ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குத் தலைமுறைக்கு ஒரு பறவை போய்ச் சேர்ந்து குஞ்சு பொரித்தால், இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகாமல் தாங்கும் என்பது பழைய விதி. ஒரே ஒரு பறவை. தேயிலைக்கு நடுவே ஓடைக்கரையில் இரண்டு பக்கமும் சோலை மரங்களை விட்டுவைத்தால், தரையோடு தரையாக அது நடந்தே போய்விடும்.