பட்டினியில் தேயும் யூரியா

சர்க்கரையும் கொழுப்பும் உடலில் எரிந்தால் கரியமில வாயுவும் நீரும்தான் மிஞ்சும். புரதம் சிதைந்தால் அவற்றோடு அமோனியாவும் மிஞ்சுகிறது. அது மூளைக்கு நஞ்சு. அதனால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிட, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வழக்கம்போல் சாப்பிடுகிறவரின் சிறுநீரில் போகும் நைட்ரஜனில் 80 முதல் 90 சதவீதம் யூரியாதான். 1 கிராம் நைட்ரஜன் போனால் 6.25 கிராம் புரதம் சிதைந்திருக்கிறது என்பது கணக்கு. பட்டினி கிடப்பவருக்கு வெளியிலிருந்து புரதம் வருவதில்லை. ஆகவே அவர் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் அத்தனையும் அவருடைய தசையும் உறுப்புகளும் கரைந்து வந்ததே.

1912இல் மால்டாவைச் சேர்ந்த அகோஸ்டினோ லெவான்சின் என்பவர் பாஸ்டனில் ஃபிரான்சிஸ் பெனடிக்டின் ஆய்வுக்கூடத்தில் 31 நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தார். உபவாசத்தின் பெருமையை நிரூபிக்க வந்தவர் அவர். பெனடிக்டுக்கு வேண்டியிருந்தவை எண்கள். எடை சுமார் 60 கிலோவிலிருந்து 47 கிலோவாக இறங்கியது. சிறுநீர் நைட்ரஜனின் போக்கு வேறு. முதல் நாள் 7 கிராம் அளவில் இருந்தது, நான்காம் நாள் 12 கிராமை நெருங்கியது; பிறகு மெல்லக் குறைந்து கடைசி நாளில் 7 கிராமுக்குச் சற்றுக் கீழே நின்றது.

முதலில் ஏறியதற்குக் காரணம் மூளையின் பசி. அதற்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் தேவை. கல்லீரல் கிளைகோஜனாகச் சேமித்த குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதன் கொழுப்பு அமிலங்கள் மூளைக்கு எரிபொருளாவதில்லை. எனவே தசைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அவற்றின் கார்பன் குளுக்கோஸாகிறது, நைட்ரஜன் யூரியாவாகிறது. 12 கிராம் நைட்ரஜன் என்றால் 75 கிராம் புரதம். ஈரத் தசையாகப் பார்த்தால் 350 கிராமுக்கு மேல். இதே வேகத்தில் போனால் கொழுப்பு தீருவதற்கு முன்பே தசை தீர்ந்து உயிர் போகும்.

அப்படி நடக்காததன் காரணத்தை 1967இல் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் காஹில் குழுவினர் கண்டறிந்தனர். 5, 6 வாரம் பட்டினியிருந்த உடல் பருத்தவர்களின் மூளைக்குள் போகும் ரத்தத்தையும் வெளிவரும் ரத்தத்தையும் ஒப்பிட்டபோது, மூளையின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன்கள் ஈடுசெய்வது தெரிந்தது. கீட்டோன் என்பது கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் பண்டம். குளுக்கோஸ் தேவை குறையவே தசையை உடைக்கும் தேவையும் குறைந்தது. நைட்ரஜன் கழிவு நாளுக்கு 4 கிராம் அளவுக்கு இறங்கியது. ஒல்லியான லெவான்சினால் அவ்வளவு சிக்கனம் பிடிக்க முடியவில்லை.

இந்த 4 கிராமில் யூரியாவின் பங்கு பாதிக்கும் குறைவு. முதலிடம் அமோனியாவுக்குப் போய்விடுகிறது. கீட்டோன்கள் அமிலத் தன்மை கொண்டவை. அவை வெறுமனே வெளியேறினால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இழுத்துச் செல்லும். அதைத் தடுக்கச் சிறுநீரகம் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியாவை அமிலத்தோடு அனுப்புகிறது. மிஞ்சும் கார்பனிலிருந்து குளுக்கோஸ் செய்துகொள்கிறது. நீண்ட பட்டினியில் உடல் புதிதாகத் தயாரிக்கும் குளுக்கோஸில் ஏறக்குறைய பாதி சிறுநீரகத்தின் உழைப்பு.

யூரியா குறைவதால் இன்னொரு லாபமும் உண்டு. அதைக் கரைத்து அனுப்பத் தண்ணீர் வேண்டும். கரைக்க வேண்டியது குறைந்தால் கால் லிட்டர் சிறுநீரே போதும். மற்றொரு நைட்ரஜன் கழிவான யூரிக் அமிலத்தின் கதை நேர்மாறு. கீட்டோன்கள் சிறுநீரகத்தில் அதன் வழியை மறிப்பதால் அது ரத்தத்தில் தேங்கும். கௌட் எனும் மூட்டுவலி உள்ளவருக்கு நீண்ட பட்டினி ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொழுப்பு அடியோடு தீரும் கட்டத்தில் நைட்ரஜன் கழிவு மறுபடி ஏறும். விலங்குகளிடம் தெளிவாகக் காணப்பட்ட இந்த இரண்டாவது ஏற்றம், சாவு நெருங்கிவிட்டதைக் காட்டுவது.

முதல் ஏற்றத்தை அடக்கச் சிறிது சர்க்கரை போதும். உயிர்காப்புப் படகில் தவிக்கும் கடலோடிகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் கேம்பிள், நாளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் புரத இழப்பைப் பாதியாகக் குறைப்பதைக் கண்டார். சாப்பிட முடியாத நோயாளிக்கு ஏற்றும் 5 சதவீத குளுக்கோஸ் 2 லிட்டரில் இருப்பதும் அதே 100 கிராம்தான்.