பிஸ்பீனால் ஏ: 20,000 மடங்கு சுருங்கிய ஓர் எல்லை

இத்தாலியின் பார்மா நகரிலிருந்து இயங்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிஸ்பீனால் ஏ என்னும் வேதிப்பொருளை ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடு நேராது எனக் கருதத்தக்க அளவை, 2023 ஏப்ரலில், உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாகக் குறைத்தது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன் அதே ஆணையம் தற்காலிகமாக வகுத்திருந்த எல்லை இவ்வாறு 20,000 மடங்கு சுருங்கியது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 10 நானோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. பாலிகார்பனேட் பாத்திரங்கள், உணவு டின்களின் எப்பாக்சி உட்பூச்சு, கடைகளில் தரப்படும் வெப்ப அச்சு பில் காகிதம் எனப் பல வழிகளில் உடலுக்குள் வரும் இப்பொருளைப் பொறுத்தவரை, எல்லா வயதுப் பிரிவுகளிலும் கணிசமானோர் புதிய எல்லையைத் தாண்டியே வாழ்கிறார்கள் என்பதும் அந்த அறிக்கையின் முடிவாகும்.

ஒரே பொருளுக்கு வகுத்த எல்லை இந்த அளவுக்கு மாறுவானேன் என்பதற்கு விடை, எல்லை வகுக்கப்படும் முறையிலேயே இருக்கிறது. நச்சியலின் மரபான வழக்கப்படி, விலங்குகளுக்குப் படிப்படியாக வெவ்வேறு அளவுகள் கொடுக்கப்பட்டு, கேடு எதுவும் தென்படாத மிக உயர்ந்த அளவு கண்டறியப்படும்; விலங்குக்கும் மனிதருக்குமுள்ள வேறுபாட்டுக்காகப் பத்து, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து என அது நூறால் வகுக்கப்படும். 2006-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 5 மில்லிகிராமை இப்படி வகுத்தே 50 மைக்ரோகிராம் என்ற எல்லையை அடைந்தது. இக்கணக்கின் அடியில், அளவு கூடக் கூட விளைவும் கூடும், ஆகவே உயர்ந்த அளவில் தெரியாத கேடு குறைந்த அளவில் இராது என்ற அனுமானம் இருக்கிறது.

ஹார்மோன்களின் இயல்பு அந்த அனுமானத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. ஈஸ்ட்ரடயால் என்னும் பெண் ஹார்மோன் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில், அதாவது கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் அளக்கப்படும் அளவிலேயே தன் வேலையைச் செய்கிறது. உயிரணுவிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தோடு பிணைந்து அது கட்டளையைக் கடத்துகிறது. அதே ஏற்பியோடு வெளியிலிருந்து வந்த பொருளும், வலுக்குறைவாகவேனும், பிணையக்கூடும். அளவு மிகும்போது உடல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு என்பதால், விளைவு ஏறி இறங்கும் வளைகோடாக அமைய இடமிருக்கிறது. கருவளர்ச்சியின்போது இத்தகைய குறுக்கீடு நேர்ந்தால், அதன் தடம் பல ஆண்டுகள் கழித்தே தெரியக்கூடும் என்பதுதான் கவலைக்குரிய செய்தி.

குறைந்த அளவிலும் பிஸ்பீனால் ஏ கேடு செய்யுமா என்ற சர்ச்சையைத் தீர்க்கவென்றே அமெரிக்க அரசு அமைப்புகள் கிளாரிட்டி என்ற பெரிய எலி ஆய்வை நடத்தின. கிலோவுக்கு 2.5 முதல் 25,000 மைக்ரோகிராம் வரை ஐந்து அளவுகள் சோதிக்கப்பட்டன. 2018-இல் வெளிவந்த மைய ஆய்வின் அறிக்கை விளைவுகள் மிகச் சிறியவை என்றது. ஆயினும், பால்குடிப் பருவத்தோடு அப்பொருள் கொடுப்பது நிறுத்தப்பட்ட பெண் எலிகளில், மிகக் குறைந்த 2.5 மைக்ரோகிராம் பெற்ற குழுவிலேயே மார்பகப் புற்று கூடியிருந்தது. உயர்ந்த அளவுகளில் அது தொடரவில்லை என்ற காரணத்தால் தற்செயலாக இருக்கலாம் என அரசு அறிவியலாளர் கருத, ஹார்மோனின் இயல்பே அதுதானே என்றனர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். எந்த அனுமானத்தைச் சோதிக்க வேண்டுமோ அதையே தீர்ப்பின் அளவுகோலாகக் கொண்டது அந்த அறிக்கையின் பெருங்குறை.

2023-இன் எல்லை வேறொரு கேள்வியை எழுப்பிற்று. தாய்வழியே இப்பொருளைப் பெற்ற சுண்டெலிக் குட்டிகளின் மண்ணீரலில், அழற்சியோடு தொடர்புடைய ஒருவகை வெள்ளணுக்கள் கூடியதே அதற்கு அடிப்படை. அணுக்களின் பெருக்கம் நோயாகிவிடாது என மறுத்த ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், ஆண் இனப்பெருக்கத் திறனுக்கு நேரும் கேட்டைக் கணக்கிட்டு 200 நானோகிராமை முன்வைத்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. எது கேடு என்று முடிவு செய்வதே எல்லையைத் தீர்மானிக்கிறது. அம்முடிவை வெறும் எண்ணுக்குள் மறைக்காமல் மக்கள் அறியச் சொல்வது மதிப்பீட்டாளரின் கடமை.

மனிதரிடம் நேரடியாக அளப்பதும் எளிதன்று. பிஸ்பீனால் ஏ சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடுவதால், ஒருமுறை எடுத்த மாதிரி அன்றைய உணவைச் சொல்லுமேயன்றிப் பத்தாண்டுப் பழக்கத்தைச் சொல்லாது. மேலும், எவரும் ஒரே ஒரு வேதிப்பொருளோடு வாழ்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் தன்மை சிறிதளவே கொண்ட எட்டுப் பொருள்களை, தனித்தனியே விளைவு காட்டாத அளவில் கலந்தபோது தெளிவான விளைவு தோன்றியதை லண்டன் ஆய்வாளர்கள் 2002-இல் ஈஸ்ட் செல்களில் காட்டினர். பொருளுக்கொன்றாக எல்லை வகுக்கும் முறையில் இதற்கு இடமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-யைத் தடைசெய்தபோது, கேடு விளைவிப்பவையென வகைப்படுத்தப்பட்ட பிற பிஸ்பீனால்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. பில் காகிதத்தில் பிஸ்பீனால் ஏ-க்கு மாற்றாக வந்த பிஸ்பீனால் எஸ், மூலக்கூறு அமைப்பில் அதன் நெருங்கிய உறவு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு அதுவும் பிணைகிறது. அதனால், உறவுடைய பொருள்களை ஒரே வகுப்பாக மதிப்பிடுவதே, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு முப்பதாண்டு ஆய்வுக்குக் காத்திருப்பதைவிட ஏற்ற வழி.