பழஞ்சேலைக்கும் ஒரு கணக்கு உண்டு

மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயத்தில் குன்னத்திலிருந்து வேப்பூர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கொல்லைக்குக் கொல்லை சேலை கட்டியிருக்கும். சிவப்பு, பச்சை, ஊதா என்று கல்யாண வீடு மாதிரி இருக்கும். காட்டுப்பன்னிக்காகக் கட்டுவது. பன்னி பயப்படுதோ இல்லையோ, கட்டினால் நமக்கு ஒரு தைரியம்.

அறுவடை முடிந்ததும் அந்தச் சேலை என்ன ஆகிறது? பாதி பேர் அவிழ்ப்பதில்லை. வெயிலில் நைந்து, காற்றில் கிழிந்து, நூல் நூலாகக் கொல்லையிலேயே விழுகிறது. அடுத்த மழைக்கு ரொட்டவேட்டர் ஓட்டும்போது மண்ணோடு மண்ணாகப் போகிறது. பருத்தியாக இருந்தால் மக்கிவிடும். ஆனால் வேலிக்குக் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர், நைலக்ஸ். அது மக்காது. பொடிப்பொடியாகும், அவ்வளவுதான். உப்பு உரம் போடாமல், மருந்து அடிக்காமல் பாதுகாக்கிற மண்ணில் நாமே பிளாஸ்டிக் நூலை விதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம், மக்கக்கூடிய நல்ல பருத்திச் சேலை வீட்டுப் பெட்டியில் அடுக்கியிருக்கும். “பழைய துணிக்குப் பாத்திரம்” என்று தெருவில் குரல் கேட்டால் ஆறேழு சேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தை வாங்கி வைக்கிறோம்.

“இதையே தைச்சு வித்தா என்னங்க?” என்று நம் கூட்டங்களுக்கு வரும் பெண்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. செய்யலாம். ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஒரு சேலைக்குள் எத்தனை காய்?

ஒரு பருத்திச் சேலை ஏறக்குறைய அரைக் கிலோ எடை. மூன்று கிலோ பருத்தியை அரைத்தால் ஒரு கிலோ பஞ்சுதான் தேறும், மீதி கொட்டை என்பது பருத்தி போடுகிற நம் எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒரு சேலைக்கு ஒன்றரைக் கிலோ பருத்தி வேண்டும். ஒரு காய்க்கு நாலரை கிராம் என்று வைத்தாலும் 330 காய். நூற்பில் கழிவு போவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அத்தனை காயும் கருமண் கொல்லையில் யாரோ ஒரு பெண் இடுப்பில் மடி கட்டி, ஒவ்வொன்றாக விரலால் எடுத்தது. அந்த மடியே ஒரு பழஞ்சேலைதான்!

தண்ணீர்க் கணக்கு தனி. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்முடையது பெரும்பாலும் மானாவாரி என்பதால் அது மழைத் தண்ணீர். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தானே. இவ்வளவும் அடங்கிய ஒரு பொருளைக் கிண்ணத்துக்குக் கொடுக்கிறோம்.

நம் வீடுகளில் முன்பு இப்படி இல்லை. சேலை நைந்தால் ஏணை ஆகும். ஏணைக்குப் பிறகு பிள்ளைக்கு விரிப்பு. பிறகு சும்மாடு, கரித்துணி, வத்தல் காயப்போடும் துணி. வேட்டியின் கடைசித் துண்டு விளக்குத் திரி. நமக்கு இது புதுத் தொழில்நுட்பம் இல்லை. விட்டுப்போன பழக்கம்.

முதல் வேலை: பிரிக்கிறது

தைக்கிறதுக்கு முன்னால் துணியைப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, சாமணத்தால் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள்.

பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும். சாம்பல் மெத்தென்று, ஊதினால் பறக்கும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருங்கும், ஆறியதும் கெட்டியான மணி மாதிரி உருண்டு நிற்கும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், சாம்பலில் கெட்டியும் தட்டும். மயிர் கருகுகிற வாடை வந்தால் பட்டு.

மூன்றையும் தனித்தனி மூட்டையாக வையுங்கள். பருத்தி, உடம்பில் படும் பொருளுக்கு. கலப்புத் துணி, பைக்கும் கால்மிதிக்கும். முழு பாலியெஸ்டர் கொல்லை வேலிக்குத்தான் என்றால், அறுவடை முடிந்த அன்றே அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

செய்து காட்டிய இடங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்கிற ஆடை வடிவமைப்பு நிலையம், தையலில் மிஞ்சிய துண்டுத் துணியைக் கொண்டு விரல் அளவு பொம்மை செய்ய மீனவக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பொம்மைக்குப் பேர் ‘சுனாமிகா’. அதை விற்கவில்லை. சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் விரும்பிக் கொடுத்த நன்கொடையில் செய்த பெண்களுக்குக் கூலி போனது. பல லட்சம் பொம்மைகள் உலகம் முழுக்கப் போயின. குப்பைக் கூடைக்குப் போகிற துண்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் நன்கொடையில் ஓடுவதை அப்படியே வியாபாரமாக நாம் காப்பி அடிக்க முடியாது.

அதே ஆரோவில்லில் ‘வெல்பேப்பர்’ என்ற குழு. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் கிண்ணமும் செய்து விற்கிறார்கள். மூலப்பொருள் விலை மிகக் குறைவு. விலையாவது கைவேலைதான்.

டெல்லியில் அன்சு குப்தா 1999-இல் தொடங்கிய ‘கூன்ஜ்’ அமைப்பு நகரத்துப் பழந்துணியை வாங்கிப் பிரித்து, கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. சும்மா கொடுப்பதில்லை. ஊர் மக்கள் கிணறு வெட்டி, பாதை போட்டு, அந்த வேலைக்குப் பதிலாகத் துணியை வாங்குகிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணி மாதவிடாய்த் துணியாகிறது. சுனாமி நேரத்தில் நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்த பழந்துணி யாருக்கும் பொருந்தாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது நினைவிருக்கலாம். பிரிக்காத துணி குப்பை, பிரித்த துணி சரக்கு என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பெரிய அளவில் என்றால் திருப்பூர். பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கி, மறுபடி பஞ்சாக்கி நூலாக்குகிறார்கள். கால்மிதியும் செய்கிறார்கள். மிஷினோடு விலைப் போட்டிக்கு நாம் நிற்க முடியாது. இதையும் மனதில் வையுங்கள்.

இப்போது கணக்கு

எல்லோரும் முதலில் நினைப்பது துணிப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. கிராக்கி இருக்கத்தானே வேண்டும்?

போட்டுப் பார்ப்போம். கூலியும் விலையும் இங்கே உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலம். அகலம் 45. நைந்த இடம் போக மூன்றில் இரண்டு பங்கு தேறினால் 144 அங்குலம். பழந்துணி மெலிசு, இரட்டையாக மடித்துத்தான் தைக்க வேண்டும். ஒரு பைக்கு 32 அங்குல நீளம் பிடிக்கும். அகலத்தில் 36 அங்குலம் பைக்கு, மிச்சம் 9 அங்குலம் கைப்பிடிக்கு. ஆக ஒரு சேலைக்கு 4 பை.

- சேலை விலை: 60 ரூபாய்
- துவைத்து, வெட்டி, தைக்க 3 மணி நேரம் (மணிக்கு 50 ரூபாய்): 150 ரூபாய்
- நூல், கரண்ட், மெஷின் தேய்மானம்: 20 ரூபாய்
- மொத்தம்: 230 ரூபாய்

ஒரு பைக்கு அடக்கம் 57 ரூபாய் 50 காசு. கடையில் வைத்தால் நூற்றுக்கு 25 ரூபாய் கடைக்காரருக்கு. அப்படியானால் 80 ரூபாய்க்கு விற்றால்தான் கைக்கு 60 வரும். லாபம் இரண்டரை ரூபாய். புதுத் துணிப்பையே அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது 80 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்?

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. “வீட்டுல சும்மாத்தானே இருக்கோம், கூலி எதுக்கு?” என்று அந்த 150 ரூபாயை அடித்துவிடுகிறோம். உடனே பை 20 ரூபாய்க்கு அடங்கிவிடுகிறது. 30 ரூபாய்க்கு விற்று லாபம் என்று சந்தோஷப்படுகிறோம்.

பருத்திக்கும் நெல்லுக்கும் விலை கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? கைக்காசு போட்ட செலவை மட்டும் பார்க்காதே, குடும்ப உழைப்பு, சொந்த நிலத்தின் வாடகை, முதலுக்கு வட்டி எல்லாவற்றையும் சேர், அதற்கு மேல் பாதி கூட்டிக் கொடு என்கிறோம். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் 2006-இல் தந்த அறிக்கையைக் காட்டிச் சண்டை போடுகிறோம். ரோட்டில் நின்று அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் உழைப்புக்குச் சைபர் போட்டால் அது என்ன நியாயம்? கூலி எழுதாத கணக்கில் வருகிற லாபம் லாபமே இல்லை. அவள் உடம்பிலிருந்து எடுத்தது.

அப்படியானால் எதைச் செய்யலாம்?

கைவேலைக்கு விலை கிடைக்கும் பொருளைச் செய்ய வேண்டும். எங்கள் அனுபவத்தில் நல்லது, வாடிக்கையாளரின் சொந்தத் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பது.

ஒரு சேலையை வெட்டாமல் நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். ஆறடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலத்தில் மூன்றடுக்கு விரிப்பு கிடைக்கும். ஒரு ஆள் படுக்க, போர்த்த அளவு சரியாக இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டுத் தையல். ஓரத்துக்குப் பழைய வேட்டிக் கரை. வங்காளத்தில் இதைக் காந்தா என்கிறார்கள், பீகாரில் சுஜனி. வட கர்நாடகத்தில் சித்தி இன மக்கள் தைக்கும் கவந்தி இன்று நகரக் கண்காட்சிகளில் நல்ல விலைக்குப் போகிறது.

இதில் மூன்று வசதி. துணிக்கு முதல் போட வேண்டாம். விற்காத சரக்கு வீட்டில் தேங்காது. மூன்றாவது முக்கியம்: நம் ஊரில் அடுத்தவர் பழந்துணி என்றால், “செத்தவங்க துணியா இருக்குமோ” என்று கை கூசும். அதே சமயம் தன் அப்பாயியின் சேலை என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தச் சேலையை விரிப்பாக்கிக் கொடுத்தால் ஒரு நாள் முழுக் கூலியும் நூல் காசும் மேலே ஒரு பங்கும் கேட்கலாம். மறுக்க மாட்டார்கள். பேரன் பேத்திக்குப் பிள்ளை விரிப்பு, துண்டுகளை ஒட்டுப்போட்ட தலையணை உறை, வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலப் பை எல்லாம் இப்படியே.

பைதான் தைப்பேன் என்றால், சந்தைக்குத் தைக்காமல் நமக்கே தைப்போம். விதைத் திருவிழாவுக்கு விதைப் பை, நம் இயற்கை அங்காடியில் காய்கறி வாங்கிப்போகத் தூக்குப்பை. அங்காடியே மொத்தமாக நியாய விலை கொடுத்து எடுக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பழந்துணியில் என்ன சாயம் என்று நமக்குத் தெரியாது. மாவு, பருப்பு, தின்பண்டத்தை நேராக அதில் கொட்டி விற்கக் கூடாது. வெளிப்பையாக மட்டும் வையுங்கள்.

வாங்கும்போதும் துவைக்கும்போதும்

வெளியே துணி வாங்கினால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சல்லடையாகத் தெரிந்தால் வேண்டாம். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ‘பிர்’ரென்று போகிற துணி, தையல் நிற்காது. வந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள், மூட்டைப்பூச்சி இருக்கலாம். பருத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, பூந்திக்கொட்டையிலோ சோப்பிலோ துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். சாயம் இறங்குகிறதா என்று ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெளிர்த் துணியோடு சேர்க்க வேண்டும்.

தனியாகச் செய்யாமல் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒருவர் பிரிக்க, ஒருவர் வெட்ட, மற்றவர் தைக்க என்று வேலை ஓடும். சுய உதவிக் குழுவாக இருந்தால் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ விற்பனை மையங்களிலும் கண்காட்சிகளிலும் இடம் கேட்கலாம். உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கடைசித் துண்டு

தைத்து மிஞ்சும் பொடித் துண்டை வீணாக்க வேண்டாம். பருத்தி மட்டும் என்றால், ஜரிகை, பட்டன், எலாஸ்டிக் எடுத்துவிட்டு, அழுத்தமான பிரிண்ட் இல்லாததைச் சின்னதாக வெட்டி எருக்குழியில் சாணத்தோடு போடுங்கள். தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். கலப்புத் துணித் துண்டைத் தலையணைக்குள் அடைக்கலாம். குழிக்குப் போக வேண்டாம்.

கருமண்ணில் காயாக இருந்தது பஞ்சாகி, சேலையாகி, ஏணையாகி, விரிப்பாகி, மறுபடி அதே கருமண்ணுக்கு எருவாகப் போகட்டும். இடையில் அதைத் தொட்ட ஒவ்வொரு கைக்கும் கூலி கிடைத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு வேலை: பெட்டியைத் திறந்து சேலைகளைப் பிரியுங்கள், ஒரு விரிப்பு தைத்துப் பாருங்கள், ஆன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலையை அந்த நோட்டு சொல்லும்.